கூகுளில் முதலிடம்: பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?



கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் மதியம் என் தம்பியின் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணச் சீட்டு வராத மாதம். கடையில் கூட்டமில்லை. அப்போது கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் மடிக்கணினியுடன் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். "ஐயா, உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு மளிகைக் கடை என்று கூகுளில் தேடினால் உங்கள் கடை வருகிறதா?" என்று கேட்டு, தேடியும் காட்டினார்கள். வரவில்லை. அடுத்த தெருவில் சென்ற ஆண்டு திறந்த சூப்பர் மார்க்கெட்தான் முதலில் வந்தது.

"இதை மாற்ற முடியும். எஸ்.இ.ஓ. என்று ஒரு கலை இருக்கிறது. ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கட்டணம் 30,000 ரூபாய், வரி தனி. முடிக்கும்போது உங்கள் கடை முதலிடத்தில் இருக்கும்" என்றார்கள்.

தம்பி மகனுக்கு முகம் மலர்ந்து விட்டது. "பெரியப்பா, இதைத்தான் நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றான். தம்பி என் முகத்தைப் பார்த்தார். கல்லாவில் இருந்தது தீபாவளிக் கொள்முதலுக்காக எடுத்து வைத்த பணம். கடலைப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் முன்பணம் கட்ட வேண்டிய ரொக்கம் அது. அதிலிருந்துதான் இந்த 30,000 போக வேண்டும்.

"நாலு நாள் கழித்து வாருங்கள் தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். அந்த நாலு நாட்களில் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், பிறகு நாங்கள் எடுத்த முடிவையும் இங்கே எழுதுகிறேன். இன்று எங்கள் கடைக்கு வந்தவர்கள் நாளை உங்கள் கடைக்கும் வருவார்கள்.

விற்கிற சரக்கு என்ன?

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் அரிசி வாங்குவதில்லை அல்லவா?

எஸ்.இ.ஓ. என்பது ஒருவர் கூகுள் போன்ற தேடுபொறியில் ஏதாவது தேடும்போது, விளம்பரக் கட்டணம் கட்டாமலேயே நமது கடையோ நமது இணையதளமோ மேலே வரும்படி விவரங்களைச் சீர்படுத்தி வைக்கும் வேலை. தேடினால் "ஸ்பான்சர்டு" என்ற குறிப்போடு வருபவை விளம்பரங்கள். அவற்றுக்குக் கூகுளுக்குப் பணம் கட்ட வேண்டும். மற்றவை தகுதியின் பேரில் வருபவை. இந்த இரண்டையும் குழப்பிப் பேசுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்த வேலையை மூன்று வகையாக விற்கிறார்கள். வேலையை அவர்களே செய்து கொடுத்து மாதக் கட்டணம் வாங்குவது ஒன்று. ஒரு முறை வந்து கடையின் நிலைமையைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பது மற்றொன்று. நமக்கே கற்றுக் கொடுப்பது மூன்றாவது. எங்களிடம் வந்தது இந்த மூன்றாவது வகை, அதாவது பயிற்சி. பயிற்சிக்குப் பணம் கட்டிய பிறகும் வேலை நம் தலையில்தான் இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டவருக்குக் கார் வந்துவிடாது, ஓட்டுநரும் வந்துவிட மாட்டார். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கூகுளே சொல்வது என்ன?

முதலிடம் வாங்கித் தருவதாக யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறது. செய்த மாற்றத்தின் பலன் தெரிவதற்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அதிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, ஆறு ஞாயிற்றுக்கிழமையில் முதலிடம் என்பது எப்படி முடியும்?

அக்கம்பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகவும் கூகுள் சொல்கிறது. தேடியவர் கேட்டதற்கும் நம் கடைக்கும் உள்ள பொருத்தம் முதலாவது. அவர் இருக்கும் இடத்திலிருந்து கடை இருக்கும் தூரம் இரண்டாவது. கடை எந்த அளவுக்குப் பலரால் அறியப்பட்டது என்பது மூன்றாவது. பணம் கட்டி இந்த வரிசையில் மேலே போக வழியில்லை என்றும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இந்த மூன்றில் தூரத்தை எந்தப் பயிற்சியாளரும் மாற்ற முடியாது. கிழக்குத் தெருவில் நிற்பவர் தேடினால் ஒரு கடையும், பேருந்து நிலையத்தில் நிற்பவர் தேடினால் வேறொரு கடையும் மேலே வரக்கூடும். ஆகவே முதலிடம் என்பது ஒரே இடமல்ல. அந்த இளைஞர்கள் எங்கள் கடையில் உட்கார்ந்து தேடிக் காட்டியபோது, கடையின் பெயர் ஏன் வரவில்லை தெரியுமா? கடையின் விவரம் கூகுளில் பதிவு செய்யப்படவே இல்லை. பதிவு செய்வது இலவசம். இது தெரிந்தபோது தம்பிக்குக் கொஞ்சம் வெட்கமாகவே போய்விட்டது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அதே பயிற்சியாளர் நம் கடைவீதியில் பத்து மளிகைக் கடைகளுக்கு வகுப்பு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கும் முதலிடம் என்றால், குறைந்தது ஒன்பது பேருக்குச் சொன்னது பொய்.

குறுக்கு வழியின் முடிவு

குறுக்கு வழியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இணையதளம் வைத்திருப்பவர்கள் மற்ற தளங்களில் பணம் கொடுத்துத் தங்கள் தளத்துக்கு இணைப்புப் போட வைப்பது அதில் ஒன்று. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய துணி மற்றும் வீட்டுப்பொருள் நிறுவனம் பண்டிகைக் காலத்தில் பல தேடல்களில் முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. கூகுள் உடனே அந்த நிறுவனத்தைப் பல படிகள் கீழே தள்ளியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொல்லி, அந்த வேலையைப் பார்த்த ஆலோசகர்களை விலக்கியது. அதற்கும் முன்னால் 2006-ல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி என்றால் நம்மைப் போன்றவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

கடைப் பெயரோடு "ஊரிலேயே சிறந்த மளிகை, மலிவு விலை, இலவச டெலிவரி" என்று சேர்த்துப் பதிவு செய்யச் சொல்வது இன்னொரு குறுக்கு வழி. பெயர்ப் பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது விதி. மீறினால் பதிவையே முடக்கி விடுவார்கள். பணம் கொடுத்துப் பொய்யான பாராட்டு எழுத வைப்பதும் விதிக்கு விரோதம். வாடிக்கையாளர் கருத்துரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. பொய்ப் பாராட்டு கலப்படச் சரக்கு மாதிரி. ஒரு நாள் வெளியே வந்தே தீரும்.

பழைய சரக்கைப் புதிய சாக்கில் போட்டு விற்பவர்களும் உண்டு. பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதி வைக்கும் "மெட்டா கீவேர்டு" சொற்களை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்து விட்டது. கடைப் பதிவோடு அது கொடுத்து வந்த இலவச இணையப் பக்கங்களும் 2024 மார்ச்சோடு நிறுத்தப்பட்டன. பல தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடை மேலேயே வரும் முறை 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்து விட்டது. இவையெல்லாம் பாடத்தில் இருக்கின்றனவா, அல்லது பத்தாண்டுக்கு முந்தைய பாடத்தையே நடத்துகிறார்களா என்று கேளுங்கள். விடையிலேயே சரக்கின் தரம் தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கட்டணம் 30,000. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 5,400. ஆக மொத்தம் 35,400 ரூபாய். சாதாரண முறையில் பதிவு செய்து வரி கட்டுகிறவர்கள், முறையான பில் இருந்தால், அந்த 5,400-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். தொகுப்பு முறையில், அதாவது காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. நம்மில் பலர் காம்போசிஷனில்தான் இருக்கிறோம்.

மளிகையில் கூடுதலாக 100 ரூபாய்க்கு விற்றால் கையில் 8 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடைக் கணக்குக்கு ஏற்றபடி இதை மாற்றிக்கொள்ளுங்கள். 35,400 ரூபாய் திரும்பி வர வேண்டுமானால் 4,42,500 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். மாதம் 4,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 48,000 ரூபாய்க்கு வாங்கும். ஆகவே பத்துக் குடும்பங்கள் புதிதாக வந்து, ஓராண்டு முழுவதும் நம்மிடமே வாங்கினால் போட்ட பணம் திரும்பும். பத்தாவது குடும்பத்திலிருந்துதான் முதல் ஆண்டின் இலாபம்.

உள்ளபடி சொன்னால் பத்துக் குடும்பம் என்பது எட்டாத எண்ணிக்கை அல்ல. இதைப் பார்த்ததும் தம்பி மகன், "பார்த்தீர்களா பெரியப்பா, பத்தே குடும்பம்தானே!" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. அந்தப் பத்துக் குடும்பத்தில் எத்தனை பேர் இலவசப் பதிவினாலேயே வந்திருப்பார்கள்? பயிற்சியினால் மட்டும் வருபவர்கள் எத்தனை பேர்? கட்டணத்தை அந்த வித்தியாசத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மொத்த வரவோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் இலாபமாகவே தெரியும்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு எடுத்து வைக்கிற நமக்கு, கணினி முன் உட்கார நேரம் எங்கே? கடைப் பையனை வகுப்புக்கு அனுப்பினால், அவன் வேறு வேலைக்குப் போகும்போது படிப்பும் அவனோடு போய்விடும். கற்றுக்கொள்வது கடையோடு இருக்கப்போகிற ஆளாக இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் அதற்கென்று ஒதுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் இலவசமாகக் கற்றுக் கொடுத்தாலும் நஷ்டம்தான்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

பயிற்சியே வீண் என்று சொல்ல நான் வரவில்லை. கடைக்குக் கடை நிலைமை வேறு.

தெருவில் உள்ள சில்லறை மளிகைக்கு வாடிக்கையாளர்கள் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கடை திறந்திருக்கிறதா, போன் எண் என்ன, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்களா என்ற மூன்று விவரம். இதற்கு இலவசப் பதிவே போதும்.

மண்டி வைத்து மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு வாடிக்கை என்பது நம்பிக்கையிலும் கடனிலும் நிற்கிறது. கூகுளில் பார்த்து வந்தவருக்கு முதல் நாளே நாற்பத்தைந்து நாள் தவணையில் சரக்கு ஏற்ற முடியுமா? பெரும்பாலான மண்டிகளுக்கும் பயிற்சி அவசரமில்லை.

பார்சலில் வெளியூருக்கு அனுப்பும் சரக்கு வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும், உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பெங்களூரிலோ டில்லியிலோ இருப்பவர் இந்தப் பெயர்களைச் சொல்லித் தேடுகிறார். அங்கே தூரம் தடையில்லை. இலாப விகிதமும் சாதாரண மளிகையை விடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இப்படிப்பட்ட சரக்கும், உணவுப் பாதுகாப்பு உரிமமும், சொந்த இணையதளமும், உட்கார்ந்து வேலை பார்க்க ஓர் ஆளும் உள்ளவர்கள் நல்ல பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்கலாம். கொடுத்த பணம் திரும்பும் வழி அங்கே இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்

முதலில் பணம் செலவில்லாத வேலைகளை முடியுங்கள். கடையின் பதிவைக் கடை உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில் செய்யுங்கள். இது மிக முக்கியம். எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவருக்கு, பதிவு செய்து கொடுத்த ஆள் தன்னுடைய மின்னஞ்சலிலேயே பதிவு செய்து விட்டார். பிறகு போன் எண்ணை மாற்றக்கூட அவரைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. உதவிக்கு வருபவருக்கு மேலாளர் உரிமை மட்டும் கொடுங்கள். உரிமையாளர் இடத்தில் நீங்களே இருங்கள்.

பெயர், முகவரி, போன் எண், கடை நேரம் ஆகியவற்றைச் சரியாகப் போடுங்கள். பொங்கல், தீபாவளி, மே 5 வணிகர் தினம் போன்ற விடுமுறை நாட்களை முன்கூட்டியே குறித்து விடுங்கள். திறந்திருக்கும் என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வர மாட்டார். கடையின் முகப்பு, உள்பக்கம், சரக்கு ஆகியவற்றின் படங்களை ஏற்றுங்கள். வாடிக்கைக்காரர்களிடம் மனதில் பட்டதை எழுதச் சொல்லுங்கள். குறை எழுதியிருந்தாலும் பணிவாகப் பதில் எழுதுங்கள். எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதை அந்தப் பதிவே காட்டும். அதை மாதா மாதம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

மூன்று மாதம் கழித்தும் பயிற்சி வேண்டும் என்று தோன்றினால், பயிற்சியாளரிடம் இவற்றைக் கேளுங்கள். இதற்கு முன் யாருக்குக் கற்றுக் கொடுத்தீர்கள், அவர்களிடம் நான் பேசலாமா? நம்மைப் போன்ற சிறு கடைகளோடு பழக்கம் உண்டா? என்ன பலன், எத்தனை மாதத்தில், அதை எதை வைத்து அளப்பீர்கள்? கூகுளின் விதிகளுக்கு உட்பட்டுத்தான் செய்வீர்களா? இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் வகுப்புக்கு வகுப்பு தருவதாகச் சொல்லிப் பாருங்கள். "இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்று அவசரப்படுத்துகிறவரை வாசலோடு அனுப்பி விடுங்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவுக்குப் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்து விடுங்கள். பதிவுக்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை.

நாங்கள் செய்தது

நாலு நாள் கழித்து அந்த இளைஞர்கள் வந்தபோது இந்தக் கேள்விகளைக் கேட்டோம். முன்பு படித்தவர்களின் பெயரைத் தரத் தயங்கினார்கள். முதலிடம் என்பதை எழுத்தில் தரவும் மறுத்தார்கள். மரியாதையாக அனுப்பி வைத்தோம்.

தம்பி மகன் இரண்டு இரவுகள் உட்கார்ந்து பதிவை முடித்தான். கூகுள் கேட்டபடி கடையைக் காணொளி எடுத்து அனுப்பினான். ஐப்பசி வருவதற்குள் அந்தப் பதிவைப் பார்த்துப் போன் செய்து வந்து, மாதச் சீட்டுப் போட்ட புதிய குடும்பங்கள் நான்கு. அதிகமில்லைதான். ஆனால் அதற்கு ஒரு பைசா செலவில்லை. தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணமும் கொள்முதலுக்கே போயிற்று. சூப்பர் மார்க்கெட் இன்னும் எங்களுக்கு மேலேதான் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

இப்போது அவன் வீட்டுப் பொடி வகைகளைப் பார்சலில் அனுப்ப ஆரம்பிக்கப் போகிறான். "அதற்கு ஒரு நல்ல ஆளிடம் கற்றுக்கொள்ளலாமா பெரியப்பா?" என்று கேட்டான். "தாராளமாகக் கற்றுக்கொள். முதலில் உரிமம் வாங்கு, சரக்கு நாலு ஊர் போகட்டும், வருகிற இலாபத்திலிருந்து கட்டு" என்று சொல்லியிருக்கிறேன். கொள்முதல் முதலில் கை வைக்கக் கூடாது என்பது மட்டும் எங்கள் வீட்டுச் சட்டம்.

நமது சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குக் கடை தனியாக முப்பதாயிரம் கட்டுவதற்குப் பதில், சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து, செலவைப் பங்கிட்டுக்கொண்டு உறுப்பினர் அனைவரின் கடைகளையும் பதிவு செய்ய வைக்கலாம். முதலிடம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். சரியான முகவரியும் சரியான கடை நேரமும் எல்லோருக்கும் கிடைக்கும். கடைவீதி முழுவதும் போன் திரையில் தெரிந்தால், சூப்பர் மார்க்கெட் வாசலுக்குப் போகிற கால்களில் நாலு நம் பக்கமும் திரும்பும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.